டேப்போடு வந்த புரொபசர்!

‘மைனர்’ என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மல் ஜிப்பா, கழுத்தில் புலிநகச் சங்கிலி, வாய் நிறைய வெற்றிலை! அமெரிக்கக் காலேஜ்களில் மைனர் என்றால் வேறு அர்த்தம். நம்ம ஊர் பி.எஸ்ஸி.யில் மேஜர், அலைடு என்று இரண்டு உண்டே (போன தலைமுறைக்காரர்கள் ‘ஆன்சிலரி’ என்பார்கள்)... கிட்டத்தட்ட அதே சமாசாரம். ஒரு பாடத்தை ஆழமாக எடுத்துக்கொள்வது மேஜர். கூடவே, வேறொரு துறையில் ஐந்தாறு பாடங்கள் படித்து வைத்தால் அது மைனர். இந்த ஏற்பாட்டை 1870-களின் கடைசியில் தொடங்கி வைத்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டி.

விஷயம் என்னவென்றால், தத்துவம், இலக்கியம், சரித்திரம் என்று போதிக்கிற ‘லிபரல் ஆர்ட்ஸ்’ காலேஜ்கள் சில, ‘ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ என்பதையும் ஒரு மைனராக வைத்திருக்கின்றன. அதாவது, ஷேக்ஸ்பியரை மேஜராக எடுத்த பெண், மத்தியானம் போய் முழங்கால் மூட்டில் எந்தத் தசைநார் எங்கே ஒட்டியிருக்கிறது என்று படித்துவிட்டு வரலாம். புதிதாக ஒரு காலேஜில் இதை ஆரம்பிக்கலாம் என்று பேச்செடுத்தாலே போதும், இரண்டு கட்சி கிளம்பிவிடும். ‘பிளேட்டோ படிக்கிற இடத்தில் கணுக்காலுக்கு பாண்டேஜ் சுற்றச் சொல்லித் தருவதா?’ என்பது ஒரு கட்சி. (பிளேட்டோவே மல்யுத்தம் போட்டவர் என்று ஒரு பழைய செய்தி உண்டு. அவரைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ!) ‘வெறும் பிளேட்டோவை வைத்துக்கொண்டு பையன் எங்கே வேலைக்குப் போவான்?’ என்பது எதிர்க்கட்சி.

இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததில்லை. கொஞ்சம் பின்னோக்கிப் போகலாமா?

மேற்கத்திய உலகில் கல்வி என்றால் ஏழு கலைகள் என்று முடிவானதற்குப் பின்னால் ஒரு கல்யாணக் கதை இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில், வட ஆப்பிரிக்காவில் மார்ட்டியானஸ் கபெல்லா என்று ஒருவர் எழுதிய விசித்திரமான லத்தீன் புத்தகம். மெர்க்குரி என்கிற கடவுளுக்கும் ஃபிலாலஜி என்கிற பெண்ணுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுச் சீராக ஏழு தோழிப் பெண்கள் வருகிறார்கள். இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, வடிவ கணிதம், எண் கணிதம், வானியல், இசை. ஒவ்வொருத்தியும் சபையில் எழுந்து, தன் வித்தையைப் பற்றி நீட்டி முழக்குகிறாள். ஓரமாக இன்னும் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். மருத்துவமும் கட்டடக் கலையும்! ‘நீங்கள் இரண்டு பேரும் மண்ணுலக விவகாரம் பேசுகிறவர்கள். தேவலோகத்துச் சபையில் உங்களுக்கு வேலையில்லை’ என்று அவர்களைப் பேசவே விடவில்லை. கல்யாணத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் பந்தியில் இலை போடாத கதை!

இத்தனைக்கும், அதற்கு ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு ரோமானிய அறிஞர் வாரோ போட்ட பட்டியலில் மருத்துவமும் கட்டடக் கலையும் கௌரவமாகவே இருந்தன. கபெல்லாவின் புத்தகம் இடைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடப் பாடமாகிவிட, ஏழு ஏழாகவே நிலைத்தது.

விளையாட்டு மருத்துவத்தின் ஆதி டாக்டர் யார் என்று கேட்டால், காலன் பெயரைச் சொல்வார்கள் (நம் எமதர்மன் இல்லை, கிரேக்க மருத்துவர்!). கி.பி. 157-ல் பெர்கமம் நகரத்தில் கிளாடியேட்டர்களுக்கு வைத்தியராக அமர்ந்தவர். கத்திக்குத்துப் பட்டு வருகிறவர்களின் கிழிந்த தசையையும் நரம்பையும் நேரில் பார்த்தே உடற்கூறு படித்துக்கொண்டார். முந்தைய வைத்தியர்கள் காலத்தில் செத்தவர்களோடு ஒப்பிட்டால் தன்னிடம் செத்தவர்கள் மிகச் சொற்பம் என்று அவரே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார். அதே காலன், இளைஞர்களுக்குப் புத்தி சொல்லி எழுதிய நூலில், மருத்துவம் உயர்ந்த கலைகளில் ஒன்று என்று தூக்கிவைத்துவிட்டு, விளையாட்டு வீரர்களைப் போட்டுக் காய்ச்சி எடுக்கிறார். தின்பதும் தூங்குவதும் உடம்பைக் கெடுத்துக்கொள்வதும்தான் அவர்கள் பிழைப்பாம். தன்னிடம் வந்த நோயாளிகளைப் பற்றி இவ்வளவு மோசமான அபிப்பிராயம் வைத்திருந்த டாக்டரை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்!

சரி, அமெரிக்காவுக்கு வருவோம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். 1821-ல் தொடங்கிய காலேஜ். கிரேக்கம், லத்தீன், பைபிள், கணிதம் என்று அசல் லிபரல் ஆர்ட்ஸ். 1850-களில் அதன் தலைவராக வந்த வில்லியம் ஸ்டேர்ன்ஸுக்கு ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. குளிர்காலம் முழுக்க அறைக்குள் குனிந்து படிக்கிற பையன்கள், வசந்த காலம் வரும்போது ஒவ்வொருவராகப் படுத்துவிடுகிறார்கள். சிலர் படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்குப் போகிறார்கள். சிலர் செத்தே போகிறார்கள். ‘புத்தி வளர உடம்பைப் பலி கொடுக்கிறோமே, இதற்கு ஏதாவது வழி பண்ணுங்கள்’ என்று டிரஸ்டிகளிடம் வருடா வருடம் மன்றாடினார் மனிதர்.

வழி பிறந்தது. 1860-ல் ஜிம்னேஷியம் கட்டினார்கள். ‘உடல்நலம் மற்றும் உடற்கல்விப் பேராசிரியர்’ என்று ஒரு பதவியை உருவாக்கினார்கள். டிரில் மாஸ்டர் அல்ல... கிரேக்கப் பேராசிரியருக்குச் சமமான நாற்காலி! அதில் எம்.டி. பட்டம் பெற்ற டாக்டர்தான் உட்கார வேண்டும் என்று முடிவு செய்ததுதான் இதில் முக்கியமான விஷயம். முதலில் வந்த ஹூக்கர் என்பவர் சீக்கிரமே உடம்பு முடியாமல் விலகிவிட்டார் (ஆரோக்கியப் பேராசிரியர்!). அடுத்து, 1861-ல் வந்து உட்கார்ந்தவர் எட்வர்ட் ஹிட்ச்காக். ‘சைக்கோ’ எடுத்தவர் இல்லை. இவர் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். 1911-ல் சாகும் வரை, அரை நூற்றாண்டு, அந்தப் பதவியில் இருந்தார்.

ஹிட்ச்காக்கின் அப்பா பெயரும் எட்வர்ட் ஹிட்ச்காக்தான். அதே காலேஜில் முன்பு தலைவராக இருந்தவர். பெரிய புவியியல் அறிஞர். கனெக்டிகட் நதிப் பள்ளத்தாக்கில் பாறைகளில் பதிந்திருந்த பிரமாண்டமான காலடித் தடங்களை ஆயிரக்கணக்கில் சேகரித்து, நீள அகலம் அளந்து, வகை பிரித்து வைத்தார். ராட்சதப் பறவைகளின் தடம் என்றே கடைசிவரை நம்பினார். அவை டைனோசருடையவை! அப்பா கல்லில் பதிந்த காலை அளந்தார் என்றால், பிள்ளை டேப்பை எடுத்துக்கொண்டு உயிருள்ள மாணவர்களை அளக்க ஆரம்பித்தார். உயரம், எடை, மார்புச் சுற்றளவு, புஜம், முன்கை, மூச்சைப் பிடித்து ஊதினால் எவ்வளவு காற்று, கம்பியில் தொங்கி எத்தனை தடவை உடம்பை மேலே தூக்க முடிகிறது... காலேஜில் சேர்ந்ததும் ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. பத்து வருடமல்ல, இருபது வருடமல்ல... வாழ்நாள் முழுக்க!

எதற்கு இந்தப் பைத்தியம் என்று கேட்கிறீர்களா? அதுவரை, ஆரோக்கியமான இளைஞன் உடம்பு எப்படி இருக்கும் என்று யாருக்கும் கணக்காகத் தெரியாது. டாக்டர்கள் பார்த்ததெல்லாம் நோயாளிகளை! நோயில்லாதவனை உட்காரவைத்து அளந்தது புதுசு. வாரத்தில் நான்கு நாள், அரைமணி நேரம், ஒவ்வொரு வகுப்பும் கட்டாயம் ஜிம்னேஷியத்துக்கு வந்தாக வேண்டும். பியானோ வாசிக்க, அந்தத் தாளத்துக்கு மரத்தால் செய்த லேசான டம்பெல்களைப் பையன்கள் தூக்கிச் சுழற்றுவார்கள். முதல் வருடப் பையன்களுக்கு உடற்கூறும் சுகாதாரமும் வகுப்பில் பாடம். ஆக, இன்றைக்கு ‘ஸ்போர்ட்ஸ் மெடிசின் மைனர்’ என்கிற சமாசாரத்துக்குத் தாத்தாவைத் தேடினால், ஒரு லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. மெடிக்கல் காலேஜில் இல்லை!

ஹார்வர்டுக்கும் ஆசை வந்தது. 1879-ல் ஹெமன்வே ஜிம்னேஷியத்தைத் திறந்து டட்லி சார்ஜென்ட் என்பவரை அழைத்து வந்தார்கள். சின்ன வயதில் சர்க்கஸில் கரணம் போட்டவர்! பிறகு யேல் யுனிவர்சிட்டியில் மருத்துவப் பட்டம். கயிறும் கப்பியும் எடைக்கல்லுமாக விதவிதமான உடற்பயிற்சி இயந்திரங்களை வடிவமைத்தார். இன்றைக்கு நம்ம தெருமுனை ஜிம்களில் இழுக்கிறார்களே, அதற்கெல்லாம் பெரியப்பா. ஆனால் பத்து வருடம் கழித்து, உதவிப் பேராசிரியர் என்ற பட்டத்தை அவருக்கு நீட்டித்துத் தரவில்லை ஹார்வர்டு. ‘ஜிம்னேஷியத்தைப் பார்த்துக்கொள், போதும்’ என்றது. மறுபடி பந்தியில் இலையை எடுத்துவிட்டார்கள்! சார்ஜென்ட் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. 1919 வரை அங்கேயே இருந்தார்.

இதற்கிடையில், காட்சி மாறிக்கொண்டிருந்தது. டம்பெல்லும் பியானோவும் யாருக்கு வேண்டும்? 1859 ஜூலை 1-ந் தேதி, ஆம்ஹர்ஸ்ட் பையன்களும் பக்கத்து வில்லியம்ஸ் காலேஜ் பையன்களும் பிட்ஸ்ஃபீல்ட் என்கிற ஊரில் பேஸ்பால் ஆடினார்கள். அமெரிக்காவில் காலேஜுக்கும் காலேஜுக்கும் நடந்த முதல் பேஸ்பால் மேட்ச் அதுதான். ஸ்கோர், 73-32! (பௌலர்கள் பாவம்.) ஜெயித்தது ஆம்ஹர்ஸ்ட். பத்து வருடத்தில் ஃபுட்பால் வந்தது. நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட, எதிரிகள் மொத்தமாகப் பாய்ந்து அமுக்குகிற அமெரிக்க ஃபுட்பால். டிக்கெட் விற்றது. கூட்டம் அலைமோதியது. காலேஜின் மானமே சனிக்கிழமை மேட்ச்சில் இருந்தது.

அடிபட்டால் யார் பார்த்தது? முன்னாள் ஓட்டக்காரர், முன்னாள் குத்துச்சண்டைக்காரர் என்று யாராவது ஒருத்தர் ‘டிரெய்னர்’ என்று இருப்பார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு ஸ்பாஞ்ச், தேய்த்துவிடத் தைலம். நம்ம ஊரில் புத்தூர் கட்டு வைத்தியர்களுக்குப் பரம்பரை அனுபவமாவது உண்டு. இவர்களில் பல பேருக்கு அதுவும் கிடையாது. விழுந்தவன் மூஞ்சியில் தண்ணீர் அடித்து எழுப்பி, முதுகில் தட்டி உள்ளே அனுப்புவதுதான் வைத்தியம்.

1905 சீசன். அமெரிக்கா முழுக்க அந்த ஒரு வருடத்தில் ஃபுட்பால் ஆடிச் செத்தவர்கள் குறைந்தது 18 பேர். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பையன்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஃபுட்பால் பிரியர். அவர் மகனே ஹார்வர்டு முதல் வருட டீமில் ஆடிக்கொண்டிருந்தான். அக்டோபர் 9-ந் தேதி ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு ‘ஒழுங்காக ஆடுங்கள்’ என்று எச்சரித்து அனுப்பினார். நவம்பரில் மகனுக்கே மூக்கு உடைந்தது! அதே மாதம் 25-ந் தேதி, யூனியன் காலேஜ் என்ற சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜின் மாணவன் ஒருவன் நியூயார்க்கில் ஆட்டத்தில் தலையில் அடிபட்டுச் செத்துப்போனான். கொலம்பியா யுனிவர்சிட்டி ஃபுட்பாலையே நிறுத்தியது. ஹார்வர்டின் தலைவர் எலியட், இந்த ஆட்டத்தையே ஒழித்துக்கட்ட வேண்டும் என்று நின்றார்.

இந்தக் களேபரத்தின் நடுவே, சத்தம் போடாமல் ஒரு வேலை நடந்திருந்தது. அந்த சீசன் முழுவதும் ஹார்வர்டு டீமைக் கவனித்துக்கொண்ட சர்ஜன் எட்வர்ட் நிக்கல்ஸ், கூட இருந்த டாக்டர் ஹோமர் ஸ்மித், இரண்டு பேரும் ஒவ்வொரு காயத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்கள். 1906 ஜனவரியில், பாஸ்டன் மருத்துவப் பத்திரிகையில் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரே டீம், ஒரே சீசன், மொத்தம் 145 காயங்கள்! எலும்பு முறிவை விடுங்கள், அது கண்ணுக்குத் தெரியும். அவர்களை உலுக்கியது மூளை அதிர்ச்சி. அந்த சீசனில் இரண்டே இரண்டு மேட்ச்களில்தான் யாருக்கும் மூளை அதிர்ச்சி ஏற்படவில்லை. அடிபட்டவனுக்கு, அடிபடுவதற்கு முன்பு நடந்ததும் மறந்துபோகிறது, பிறகு நடந்ததும் மறந்துபோகிறது. ஆனால் பையன்கள் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்று எழுதினார்கள். வெளியே நினைத்துக்கொண்டிருப்பதைவிடக் காயங்கள் மிக அதிகம், மிக மோசம், சில நிரந்தரம் என்றார்கள். மைதானத்தில் டாக்டர் இருப்பது ஆடம்பரம் இல்லை, அவசியம் என்றார்கள்.

இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

விதிகள் மாறின. பந்தை முன்னால் எறியலாம் என்று 1906-ல் அனுமதித்தார்கள். கும்பலாக மோதுவது குறைந்தது. காலேஜ்கள் கூடிப் போட்ட சங்கம்தான் 1910-ல் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாறியது. சாவு குறைந்ததும், வழக்கம்போல எல்லோரும் மறந்துபோனார்கள்.

ஆராய்ச்சி மட்டும் தனி வழியில் போனது. 1927-ல் ஹார்வர்டில் ‘களைப்பு ஆராய்ச்சிக்கூடம்’ ஒன்றைத் தொடங்கினார்கள். எங்கே தெரியுமா? பிசினஸ் ஸ்கூல் கட்டடத்தின் அடித்தளத்தில்! தொழிலாளிக்கு ஏன் களைப்பு வருகிறது என்று கண்டுபிடிக்க ஆரம்பித்து, மாரத்தான் வீரர்களை ட்ரெட்மில்லில் ஓடவிட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பது வரை போனது. 1947-ல் அதை மூடிவிட்டார்கள். அதன் எச்சமாக ஒன்று நம்ம ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. 20 அங்குல உயரப் பெட்டி மீது நிமிடத்துக்கு 30 தடவை ஏறி இறங்கி, பிறகு நாடித்துடிப்பு எண்ணுகிற ‘ஹார்வர்டு ஸ்டெப் டெஸ்ட்’. இங்கே உடற்கல்வி படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், மூச்சு வாங்கியதைச் சொல்வார்கள்!

நமக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. ஆம்ஹர்ஸ்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்பிரிங்ஃபீல்டில்தான் ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிக் கல்லூரி. 1891-ல் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தது அங்கேதான். அவரும் பிற்பாடு மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர். அந்தக் கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்து, 1920-ல் ஒரு உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இருக்கிறதே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, அதேதான்! ஆக, பி.டி. மாஸ்டர் விசில் ஊதி நம்மை வரிசையில் நிற்கவைத்ததற்கும் ஆம்ஹர்ஸ்ட் பக்கத்து ஆசாமிகளுக்கும் தூரத்து உறவு இருக்கிறது.

சரி, தண்ணீர் வாளி டிரெய்னர்கள் என்ன ஆனார்கள்? 1950-ல் கன்சாஸ் சிட்டியில் கூடித் தேசிய சங்கம் அமைத்தார்கள். 1959-ல் பாடத்திட்டம் போட்டார்கள். 1969-ல் முதன்முதலாக நான்கு யுனிவர்சிட்டிகளின் படிப்புக்கு அங்கீகாரம். 1972-ல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டத்தால் பெண்கள் மைதானத்துக்கு வர, அதுவரை ஆண்கள் உடைமாற்றும் அறையை ஒட்டியே இருந்த சிகிச்சை அறையை இடம் மாற்ற வேண்டியதாயிற்று! 1990-ல் அமெரிக்க மருத்துவச் சங்கமே ‘இதுவும் ஒரு மருத்துவத் தொழில்’ என்று ஒப்புக்கொண்டது. இலை போட்டாயிற்று!

ஆனால் ஒரு திருப்பம். தொழில் வளர வளரத் தகுதியும் ஏறியது. இனி டிரெய்னராக வேண்டுமானால் முதுகலைப் பட்டம் வேண்டும் என்று 2015-ல் முடிவு செய்தார்கள். 2022-க்குப் பிறகு இளங்கலை அளவில் புது மாணவர்களைச் சேர்க்கக் கூடாது. அதுவரை இதை மேஜராக நடத்தி வந்த சின்னக் காலேஜ்களுக்கு இது பெரிய அடி. இந்தச் சூழ்நிலையில்தான் மைனர் பற்றிய பேச்சு சூடு பிடிக்கிறது.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பெயர்! ஐந்தாறு பாடம் படித்துவிட்டு ‘ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ என்று சர்ட்டிபிகேட்டில் போட்டுக்கொண்டால், ‘ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன்’ கணக்கில் இவர்கள் கால் வைத்தியரா, அரைக்கால் வைத்தியரா? இந்த மைனரை முடித்தவர் யாருக்கும் சிகிச்சை தர முடியாது, லைசென்ஸும் கிடைக்காது. அதைச் சேரும்போதே தெளிவாகச் சொல்லாத காலேஜ், பையனையும் ஏமாற்றுகிறது, அவனை நம்பிக் காலை நீட்டுகிறவனையும் ஏமாற்றுகிறது.

அப்படியானால் இது வேண்டாமா என்றால், வேண்டும் என்பதே என் கட்சி. காரணம் இருக்கிறது. நிக்கல்ஸ் கட்டுரையை ஞாபகம் வைக்கச் சொன்னேன் இல்லையா?

அவர் எழுதி 96 வருடம் கழித்து, 2002-ல், பிட்ஸ்பர்க் நகரப் பிணக்கிடங்கில் மைக் வெப்ஸ்டர் என்கிற முன்னாள் ஃபுட்பால் நட்சத்திரத்தின் உடல் வந்தது. ஐம்பது வயது. ஞாபகம் தப்பி, சீரழிந்து செத்தவர். நைஜீரியாவில் பிறந்த டாக்டர் பென்னட் ஓமாலு அவர் மூளையை ஆராய்ந்து, தொடர்ந்து தலையில் வாங்கிய அடிகளால் வரும் சிதைவு இது என்று 2005-ல் கட்டுரை வெளியிட்டார். கோடிகளில் புரளும் தொழில்முறை ஃபுட்பால் அமைப்பான என்.எஃப்.எல்.லின் டாக்டர்கள் என்ன செய்தார்கள்? ‘கட்டுரையை வாபஸ் வாங்கு!’ என்றார்கள்.

டாக்டருக்கு எதிராக டாக்டர்கள்! அப்போது விஷயத்தை ஊர் முழுக்கக் கொண்டுபோனவர்கள் யார் தெரியுமா? ஒருத்தர், கிறிஸ் நவின்ஸ்கி. ஹார்வர்டில் ஃபுட்பால் ஆடியவர், படித்தது சோஷியாலஜி! பிறகு டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்தில் புகுந்து, தலையில் அடிபட்டு வெளியே வந்தவர். தனக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளப் பழைய மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்து, 2006-ல் புத்தகம் எழுதினார். செத்துப்போன ஆட்டக்காரர்களின் குடும்பங்களுக்குப் போன் போட்டு, ‘அவர் மூளையை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா?’ என்று கேட்டார். எவ்வளவு சங்கடமான போன் கால் என்று யோசித்துப் பாருங்கள்! இன்னொருத்தர், ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் 2007 தொடங்கி இதைப் பற்றி எழுதித் தள்ளிய ஆலன் ஷ்வார்ஸ். அவர் படித்தது கணிதம். புள்ளிவிவரங்களை அடுக்கியபோது அவரிடம் அது எடுபடவில்லை.

ஒரு சோஷியாலஜிக்காரர், ஒரு கணக்குக்காரர். இரண்டு பேருமே வைத்தியம் பார்க்கவில்லை. மருத்துவக் கட்டுரையைப் படித்து, ‘இது ஏன் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை?’ என்று கேட்டார்கள். கிளாடியேட்டர் காலத்திலிருந்து வருகிற கேள்வி ஒன்று உண்டு. மைதானத்தில் இருக்கிற டாக்டர் யாருக்கு வேலை பார்க்கிறார், அடிபட்டவனுக்கா, அவனை மறுபடி இறக்கிவிட நினைக்கிற முதலாளிக்கா? அது எக்ஸ்ரேயில் தெரியாது. சரித்திரமும் நீதிநூலும் தெரிந்த ஆள், கூடவே மூளை அதிர்ச்சி என்றால் என்னவென்று புரிகிற ஆள் வேண்டியிருக்கிறது. என்.எஃப்.எல். 2013-ல் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு 76 கோடியே 50 லட்சம் டாலர் தருவதாகச் சமரசத்துக்கு வந்தது. அந்த உச்சவரம்பும் பிறகு நீக்கப்பட்டது.

காலேஜ்கள் பக்கம் என்ன நடந்தது? டார்ட்மவுத் காலேஜ் (பெயரில் இன்னும் காலேஜ்தான்) கோச் பட்டி டீவன்ஸ், 2010-ல் ஒரு காரியம் பண்ணினார். பயிற்சியில் ஆட்டக்காரன் மீது ஆட்டக்காரன் பாய்ந்து வீழ்த்துவதையே நிறுத்தினார். ‘டீம் உருப்பட்டாற்போலத்தான்!’ என்றார்கள். உருப்பட்டது, ஜெயிக்கவும் செய்தது! 2016-ல் ஐவி லீக் கோச்கள் எல்லோரும், சீசன் நடக்கும்போது பயிற்சியில் அந்த மோதல் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பையன்கள் பாய்ந்து பழக ஏதாவது வேண்டுமே? டார்ட்மவுத் இன்ஜினீயரிங் மாணவர்கள் ஒரு பொம்மை செய்து கொடுத்தார்கள். ஆள் உயரம், அடியில் சக்கரம், கையில் ரிமோட். 2015-ல் மைதானத்துக்கு வந்தது. பையன் ஓடி வந்து மோதித் தள்ளுகிறான். விழுந்த பொம்மை, நம்ம தஞ்சாவூர்த் தலையாட்டி மாதிரி தானாகவே நிமிர்ந்து, அடுத்த பையன் பாய்வதற்காக மறுபடி ஓட ஆரம்பிக்கிறது.